தவணை சொல்லாமல் வந்த உறவு: வடமராட்சிக் கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஊர்த் தகராறுகளைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபைக்குத் தங்கை கொடுத்த முறைப்பாடு காசு பற்றியது. அக்காவின் கணவர் கைமாற்றாக வாங்கிய ஒன்றரை லட்சம் ரூபாவைத் திருப்பித் தரவில்லை என்று எழுதியிருந்தார். உட்கார வைத்துக் கதைக்கக் கதைக்கத்தான் உள்ளே கிடந்தது வெளியே வந்தது. "காசு போனால் போகுது. என்ர மனுசன் இப்ப வீட்டை வாறார் இல்லை, வாடியில படுக்கிறார். அதுக்கு ஆரிட்ட முறைப்பாடு குடுக்கிறது?" வாடி என்றால் கரையில் தொழிலாளிகள் தங்குகிற கொட்டில்.

கரையோரக் குடும்பங்களோடு வேலை செய்கிறவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். ஊர் சிறியது, ஆளை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஒரே மாதிரியான இரண்டு மூன்று வீடுகளின் விபரங்களை ஒரு வீடாக்கியிருக்கிறேன். பெயர்கள் இல்லை, தங்கை, அவருடைய கணவர், அக்கா, அத்தான், தாய் என்று உறவுமுறையே போதும். சட்டங்களும் ஆண்டுகளும் எண்ணெய் விலையும் உள்ளபடிதான்.

வீடும் அதன் நேரமும்

வீடு யாழ்ப்பாணத்தின் வடமராட்சியில், பொலிகண்டிப் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரம். இரண்டு பரப்புக் காணியில் இரண்டு அறை, ஒரு விறாந்தை, புறம்பாகக் குசினி, ஒரு கிணறு. கிணற்றுத் தண்ணீர் உவர். குளிக்கவும் கழுவவும்தான் ஆகும், குடிக்கிற தண்ணீர் காசுக்கு. தாயின் பிறந்த ஊர் மயிலிட்டி. 1990 யூன் மாதம் போரால் ஊரோடு இடம்பெயர்ந்து முகாமுக்கு வந்தவர். கடகத்தில் மீன் சுமந்து விற்றுச் சேர்த்த காசில் இந்தக் காணியை வாங்கினார். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு தனியாளாக நின்று கல் வைத்துக் கட்டினார். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவருக்கு மயிலிட்டிக் காணியைச் சீதனமாக எழுதினார். இளையவருக்கு இந்த வீடு.

யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் நடப்பதுபோல இங்கேயும் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் வந்தார். பக்கத்துத் துறையைச் சேர்ந்த தொழிலாளி. சொந்தமாக ஒரு பைபர் படகு, 15 குதிரைவலு எஞ்சின், கூட வர ஒரு ஆள். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

சந்தோசமான குடும்பம் என்று அயலில் எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொன்னதோடு விட்டுவிடாமல் அந்தச் சந்தோசம் எதில் நின்றது என்று பார்க்க வேண்டியிருந்தது. என் கணிப்பில் அது ஒரு நேரசூசியில் நின்றது.

அவர் பின்னேரம் நான்கு மணிக்குப் படகைத் தள்ளுவார். வலையை விட்டுவிட்டு இரவு முழுக்கக் கடலில் காவல். விடியப்புறம் வலையை இழுத்து, ஐந்தாறு மணிக்குக் கரை. மீனைக் கூறி விற்று, கூட வந்தவருக்குக் கணக்கு முடித்து, வலையில் சிக்கெடுத்து, கிழிசல் பொத்தி, வீடு வரும்போது பத்து மணியாகிவிடும். பத்திலிருந்து இரண்டு வரைதான் அவருக்கு இரவு. சோழகம், வாடை என்று காற்று மாறும்போது இந்த நேரமும் முன்பின் ஆகும், ஆனால் பகலில் ஒரு நான்கு மணித்தியாலம் படுத்தாக வேண்டும் என்பது மாறாது.

அந்த நான்கு மணித்தியாலத்தைச் சுற்றித்தான் வீடு பழகியிருந்தது. உள்ளறைக்கு ஒரே ஒரு சின்ன யன்னல். அதற்குச் சாக்குத் துணி. தங்கை தேங்காய் துருவுவதும் மிக்சி போடுவதும் பத்து மணிக்கு முன்னமே முடிந்துவிடும். தாய் கோழிகளைப் பின்வளவுக்குத் துரத்திவிடுவார். பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கேட்டு வந்தால்கூடப் படலையில் நின்று மெதுவாகத்தான் கூப்பிடுவார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து குசினியிலேயே சாப்பிட்டுவிட்டு அங்கேயே இருப்பார்கள். யாரும் யாருக்கும் சட்டம் போட்டுச் செய்தது இல்லை. கடலுக்குப் போகிற ஆள் உறங்காமல் போனால் என்ன ஆகும் என்பது கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய விசயமா?

அவர்கள் வந்த வருடம்

அக்கா குடும்பம் வவுனியாவில் வாடகை வீட்டில் இருந்தது. அத்தான் லீசிங்கில் எடுத்த வான் ஒன்றை வைத்து வாடகைக்கு ஓடினார். 2022-இல் எண்ணெய் இல்லாமல் போனதும் ஓட்டம் நின்றது. கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக எண்ணெய் அடிக்கிற முறை வந்த பிறகு கிடைத்த கோட்டா ஒரு வாடகை வானுக்குப் போதவில்லை. தவணை கட்டாததால் வானை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அடுத்து வீட்டு வாடகை நின்றது. ஒரு நாள் இரண்டு பைகளோடும் ஒரு காஸ் அடுப்போடும் நான்கு பேர் வந்து இறங்கினார்கள்: அக்கா, அத்தான், பத்தொன்பது வயது மகன், அவனுக்கு இளைய ஒரு குமர்ப்பிள்ளை. "ரெண்டு கிழமைக்குத்தான்" என்றார் அக்கா.

இங்கே ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் இதை மறந்துவிட்டுத்தான் சபைக்கு வந்தார்கள். முதல் சில மாதங்கள் அந்த வீட்டில் சண்டையே இல்லை. அந்த வருடம் ஓகஸ்ட் 22-ஆம் திகதி, படகு எஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே அடியில் 340 ரூபாவுக்குப் போனது. ஒரு இரவுக்கு முப்பது லீற்றர் எரித்தால் முன்பு 2,610 ரூபா, அதன் பிறகு 10,200 ரூபா. அவ்வளவு எரித்துப் போய் வெறும் வலையோடு திரும்பினால் என்ன செய்வது? படகுகள் கரையில் கிடந்தன. தங்கையின் கணவரும் வீட்டில் இருந்தார், இரவில் எல்லோரையும்போல உறங்கினார். பின்னேரத்தில் வேப்பமரத்தின் கீழ் சகலன்மார் இரண்டு பேரும் அயலில் இன்னும் இரண்டு பேரைப் பிடித்து 304 என்ற சீட்டாட்டம் அடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாய் கூழ் காய்ச்சுவார். ஒடியல் மா, கரைவலையில் வாங்கிய நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் போட்ட பெரிய பானை. பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிப்பார்கள். காசு இல்லை, ஆனால் வீடு கலகலவென்று இருந்தது. தங்கையே சொன்னார்: "அந்த நேரம் அக்கா இருந்தது எனக்கு ஒரு தென்புதான்."

தொழில் நின்றிருந்தபோது தாங்கிய வீடு தொழில் தொடங்கியதும் ஆட்டம் காணத் தொடங்கியது. இந்தத் திருப்பத்தைப் பார்க்காமல் இந்த வழக்கை விளங்க முடியாது. மீன் விலை ஏறியது, எண்ணெய்ச் செலவைச் சமாளிக்க இரண்டு மூன்று படகுக்காரர் கணக்குப் பார்த்துச் செய்யப் பழகினார்கள், அவரும் கடலுக்குத் திரும்பினார். வீடு பழைய நேரசூசிக்குத் திரும்ப வேண்டும். திரும்ப இடமில்லை.

உறக்கம்

வந்த அன்றே உள்ளறையை அக்கா குடும்பத்துக்குக் கொடுத்திருந்தார்கள். மூத்தவர், கூடவே ஒரு குமர்ப்பிள்ளை; விறாந்தையில் படுக்க வைக்கவா முடியும்? அன்றைக்கு அது சரியான முடிவு. மற்ற அறையில் தாயும் தங்கையும் பிள்ளைகளும். தொழில் தொடங்கிய பிறகு கணவர் பகலில் விறாந்தையில் பாயைப் போட்டார். பத்து மணி வெயில் முகத்தில் அடிக்கும். பட்டினத்துப் பழக்கத்தில் அக்காவின் வீட்டு வேலை தொடங்குவதும் பத்து மணிக்குத்தான்: சமையல், துவையல், போனில் வவுனியா ஆட்களோடு கதை. பெறாமகன், அதாவது அக்காவின் மகன், பதினொரு மணிக்கு எழும்பி ரீவியைப் போடுவான். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பகல் என்றால் அவர்களுக்குப் பகல்.

தங்கை ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அத்தான் சிரித்துவிட்டு, "படுத்தால் நித்திரை வரத்தானே வேணும். நான் ஸ்டியரிங்கில தலை வச்சே படுத்த ஆள்" என்றாராம். அதோடு பேச்சு முடிந்தது. கணவரோ வாயே திறக்கவில்லை. அவரிடம் ஏன் என்று கேட்டபோது, "மாமியின்ர வீட்டில இருந்துகொண்டு மாமியின்ர மூத்த மகளுக்குச் சத்தம் போடாதேங்கோ எண்டு சொல்ல நான் ஆர்?" என்றார். இந்தப் பதிலில் பெருந்தன்மை இருக்கிறதென்று சபையில் ஒருவர் பாராட்டினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு இரவு தொழில் இல்லாத நாட்களில் வாடியில் சாராயப் போத்தலோடு உட்கார்ந்ததை எதில் சேர்ப்பது?

சேதம் கடலில்தான் தெரிய வந்தது. பாக்கு நீரிணையில் இந்திய இழுவைப்படகுகள் வருகிற இரவுகள் இங்கே எல்லோருக்கும் தெரியும்: திங்கள், புதன், சனி. அந்த இரவுகளில் வலையை விட்டால் வலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று பலர் கரையிலேயே நிற்பார்கள். இலங்கையில் இழுவைமடித் தொழிலை 2017-இல் சட்டம் போட்டுத் தடை செய்தாயிற்று. வெளியிலிருந்து வருகிற படகுக்கு அந்தச் சட்டம் ஒரு வேலி ஆகவில்லை. அவர் கடன் நெருக்கத்தில் ஒரு திங்கள் இரவு போனார். கூட்டாளி முன்னிரவு காவல், இவர் பின்னிரவு. பின்னிரவில் கண் சொருகிவிட்டது. வெளிச்சங்கள் நெருங்கியதைக் கண்டிருந்தால் கொஞ்சமாவது வலையை இழுத்து ஏற்றியிருக்கலாம். எழும்பியபோது மிதப்புக்கட்டை சில மட்டும் மிச்சம்.

"அவர் ஒரு நாளும் கடலில நித்திரை கொள்ளாத மனுசன்" என்றார் கூட்டாளி. வலை போனதற்கு உறவினர்கள்தான் காரணம் என்று தங்கை சொல்லி அழுதபோது அக்கா தரப்பு அதைப் பைத்தியக் கதை என்றது. நான் தங்கையின் பக்கம். ஆனால் உறவினர்கள் என்று சொல்லமாட்டேன், உள்ளறை என்று சொல்வேன். அந்த அறையை ஒரு வருடத்துக்கு மேல் யாரும் திருப்பிக் கேட்கவில்லை, யாரும் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

கையில் தெரிகிற காசு

மாதச் சம்பளக்காரர் வீட்டில் வருமானத்தை மறைக்கலாம். மீன்பிடிக் குடும்பத்தில் முடியாது. விற்ற காசு சுருட்டாகக் கையில் இருக்கும், எண்ணுவதை எல்லோரும் பார்ப்பார்கள். நல்ல பாடு கிடைத்த நாளில் நாற்பதாயிரம் எண்ணினால் அக்காவின் கண்ணுக்கு அது நாற்பதாயிரம். அதில் எண்ணெயும் ஐஸும் சாப்பாடும் கழிய வேண்டும், மிஞ்சியதில் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு ஒதுங்க வேண்டும், அதன் பிறகே ஆட்களின் பங்கு. படகுப் பங்கு என்பது வீட்டுக் காசு இல்லை, நாளைய வலை. இடையில் கடல் கொந்தளித்தால் ஒரு கிழமைக்கு எதுவும் வராது. இந்தக் கணக்கைக் கட்டுக்குள் வைத்திருந்தது தங்கைதான். சீட்டு, அடகில் இருக்கும் சங்கிலி, கடைக் கொப்பி எல்லாம் அவருடைய தலையில்.

கடைக் கொப்பியில்தான் முதலில் உடைந்தது. அக்காவின் மகன் கடையில் பெயரைச் சொல்லிச் சாமான் எடுக்கத் தொடங்கினான். பால்மா, சவர்க்காரம், போனுக்கு ரீலோட், இடையிடையே அத்தானுக்குச் சிகரெட். கடைக்காரர் எழுதிக்கொண்டே போனார். தாயோடு ஐந்து பேருக்கு எரிந்த அடுப்பு ஒன்பது பேருக்கு எரிந்தது. அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவிக்கான விண்ணப்பக் காலத்தில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் இருந்ததால் கிராம அலுவலரிடம் பதிவிலும் குழப்பம். அக்காவின் பதிவு வவுனியாவிலேயே கிடந்தது. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

பிறகு அந்த ஒன்றரை லட்சம். வேறு ஒரு வானைப் பிடித்துத் திரும்ப ஓடினால் வீட்டை விட்டுப் போய்விடலாம் என்று அத்தான் சொன்னார். போய்விடுவார்கள் என்ற ஆசையில்தான் தங்கை கொடுத்தார். கணவரிடம் கேட்காமல் படகுப் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வான் வரவில்லை. பழைய லீசிங் கடனுக்கே அது போனதென்று அத்தான் சபையில் சொன்னார், அதற்குப் பற்றுச்சீட்டும் காட்டினார். ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. வலை போன பிறகு புது வலை வாங்கக் கணவர் படகுப் பங்கைக் கேட்டார், இல்லை. அன்றிரவுதான் அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வாடிக்குப் போனது.

அடுத்த நாள் வாய்ச்சண்டை. அத்தான் சாப்பாட்டுக் கோப்பையை முற்றத்தில் எறிந்தார். "இது என்ர மாமி வீடு. உனக்கு என்ன பங்கோ எனக்கும் அதே பங்குதான். எங்களைப் பிறத்தியார் மாதிரி நடத்திறியள்" என்று அவர் கத்தியது நான்கு வீட்டுக்குக் கேட்டது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. பெரும்பாலானோர் அக்கா பக்கம். வந்தவர்களைத் துரத்துகிற வீடு என்ற பெயர் சும்மா ஒட்டிக்கொள்ளும்.

போ என்று சொல்ல யாருக்கு உரிமை

அத்தானின் வார்த்தையையே எடுத்துப் பார்ப்போம். மருமக்கள் இரண்டு பேருக்கும் சமபங்கு என்றார். ஒரு விதத்தில் சரி: இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை.

யாழ்ப்பாணத் தமிழருக்கு ஆதனத்தில் தேசவழமைச் சட்டம் பொருந்தும். ஒல்லாந்தர் காலத்தில் திசாவை என்ற மாவட்ட அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707-இல் தொகுத்த வழமை. 1911-ஆம் ஆண்டு 1-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதில் திருமண ஆதனத்தையும் வாரிசுரிமையையும் ஒழுங்குபடுத்தியது. பெண்ணுக்கு எழுதிய சீதனம் அவருடைய தனி ஆதனம். கணவன் அதை விற்க முடியாது. பெண்ணும் அசையா ஆதனத்தைக் கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. ஆக வீடு தங்கையுடையது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், தங்கை உட்பட.

காணி உறுதியை எடுத்து வரச் சொன்னோம். நான்காம் பக்கத்தில் இருந்தது அந்த வசனம்: தாய் தனக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொண்டே நன்கொடை எழுதியிருக்கிறார். அதாவது உடைமை தங்கைக்கு, அனுபவிக்கிற உரித்து தாய் உயிரோடு இருக்கும்வரை தாய்க்கு. வீட்டில் யார் இருக்கலாம், யார் போக வேண்டும் என்று சட்டப்படி சொல்லக் கூடியவர் தாய் மட்டுமே. இத்தனை நாள் நடந்த சண்டையில் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அம்மாதான் இருக்கச் சொன்னவ" என்று அக்கா சொன்னார். "அம்மாவுக்கு வயசு போட்டுது, அவவை இதுக்குள்ள இழுக்க வேண்டாம்" என்று தங்கை சொன்னார். இரண்டு பேரும் தாயின் வாயாகத் தாங்களே பேசினார்கள்.

தங்கையை வாட்டிய இன்னொரு பயம், பத்து வருடம் இருந்தால் வீடு அவர்களுக்குச் சொந்தமாகிவிடும் என்பது. இந்தக் கதை கரையோரமெங்கும் உலவுகிறது, இடம்பெயர்ந்தவர்களின் வீடுகளில் பிறர் இருந்த அனுபவத்தால் இன்னும் ஊன்றிவிட்டது. 1871-ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டம் பத்து வருடம் பற்றிச் சொல்வது உண்மை. ஆனால் அந்த இருப்பு உரிமையாளருக்கு எதிரானதாக இருக்க வேண்டும். அனுமதியோடு வந்து தங்குகிற உறவினருக்கு நாட்கள் எண்ணப்படுவதில்லை. போர் காரணமாகத் தங்கள் காணியில் இருக்க முடியாமல் போனவர்களுக்கு அந்தக் காலத்தைக் கழித்துவிட 2016-இல் தனிச் சட்டமே வந்தது. இதை விளங்கப்படுத்தியதும் தங்கையின் முகத்தில் பாதிக் கோபம் குறைந்தது. பயத்தில் பிறந்த கோபம் எவ்வளவு என்பதை அன்றுதான் அளந்து பார்க்க முடிந்தது.

வேறு வழிகளும் மேசையில் இருந்தன. கோப்பை எறிந்ததைப் பொலிஸில் சொல்லலாம். 2005-ஆம் ஆண்டு 34-ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். கலகம் வரும் காணித் தகராறு என்று ஆரம்ப நீதிமன்றம் போகலாம். அத்தான் யாருக்கும் கை நீட்டியதில்லை என்பதைத் தங்கையிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியே கேட்டு உறுதிப்படுத்திய பிறகே இவற்றை ஒதுக்கினோம். அடி இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை, நேரே நீதவானிடம்தான். தங்கையும் பொலிஸ் வேண்டாமென்றார். "அக்காவைப் பொலிஸில குடுத்திட்டு மாதா கோயில் வாசலில எந்த முகத்தோட நிக்கிறது?"

தாய் சொன்னது

தாயைத் தனியாகச் சந்தித்தோம். காது நன்றாகக் கேட்கிறது, நினைவும் தெளிவு. "நான் இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. எப்பிடிச் சொல்லுறது? இளையவளுக்குக் கல்வீடு. மூத்தவளுக்கு நான் குடுத்தது ஆமியின்ர கம்பிவேலிக்குள்ள கிடந்த காணி. வெறும் கடதாசி."

இந்த வழக்கில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த கல் இதுதான். மயிலிட்டி போருக்கு முன் நாட்டின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று. அங்கே காணி என்றால் அது ஒரு காலத்தில் பொலிகண்டியில் இரண்டு பரப்பைவிடப் பெறுமதி. அக்காவுக்குக் கலியாணம் நடந்தபோது அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. இன்றைக்கு விடுவான், நாளைக்கு விடுவான் என்று உறுதியை எழுதினார்கள். 2017 யூலையில் துறைமுகமும் சுற்றியிருந்த கொஞ்சக் காணியும் விடுபட்டன, அடுத்த வருடம் மேலும் கொஞ்சம். அக்காவின் காணி இரண்டாவதில் வந்தது. போய்ப் பார்த்தார். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் பற்றையும். வவுனியாவில் ஓட்டம் நன்றாக இருந்த காலம், மீள்குடியேற்றப் பதிவு, வீட்டுத்திட்டம் என்று அலைய மனம் இல்லை. திரும்பிவிட்டார்.

ஆகவே அக்கா தங்கை வீட்டில் இருந்தது விருந்தாளியாக இல்லை. தனக்கு வர வேண்டியதில் குறைந்த பாகத்தை வாங்குகிறேன் என்ற மனக்கணக்கோடு இருந்திருக்கிறார். அதனால்தான் நன்றி சொல்லவில்லை, உள்ளறையைத் திருப்பிக் கொடுக்கவில்லை, கடைக் கொப்பியைப் பற்றி வெட்கப்படவில்லை. தங்கை தன்னைத் தருமம் செய்கிறவராக நினைத்தார், அக்கா தன்னைக் கடன் வசூலிக்கிறவராக நினைத்தார். இந்த இரண்டு கணக்கும் ஒரே குசினியில் இருந்தால் சோறு ஒட்டாது.

சபையில்

மத்தியஸ்த சபைகள் 1988-ஆம் ஆண்டு 72-ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தவை. மூன்று மத்தியஸ்தர் இருப்பார்கள், சட்டத்தரணி வரக்கூடாது, தீர்ப்பும் சொல்ல முடியாது. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டதை எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். பலருக்கு இது குறையாகத் தெரிகிறது. இப்படியான வீட்டு வழக்கில் எனக்கு அது வசதியாகவே படுகிறது.

முதல் அமர்வில் "ஒரு வயித்துப் பிள்ளைகள், கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கோ" என்ற வழக்கமான புத்திமதி எழுந்தது. உடனே நிறுத்த வேண்டியிருந்தது. ஒன்றரை வருடம் அனுசரித்துத்தான் வலையும் போனது, மனுசனும் வாடிக்குப் போனார். அனுசரிக்கச் சொல்கிறவர்கள் யார் எதை, எத்தனை நாளைக்கு என்று சொல்வதில்லை.

இரண்டாவது அமர்வில் தாயை நடுவில் இருத்தினோம். பெரிய பேச்சொன்றும் இல்லை. மூத்த மகளைப் பார்த்து, "தைப்பொங்கலுக்கு முதல் மயிலிட்டியில ஒரு கொட்டில் போடுவம். நானும் வாறன்" என்றார். அந்த "நானும் வாறன்" யாரும் எதிர்பார்க்காதது. தங்கை அழத் தொடங்கினார், தன்னை விட்டுவிட்டுப் போகிறாரென்று. அதுவரை அக்காவைப் போகச் சொன்னவர், தாயும் போவார் என்றதும் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

எழுதிய உடன்பாடு சிறியது. உள்ளறை அன்றிரவே தங்கையின் கணவருக்கு. அக்காவும் மகளும் தாயின் அறைக்கு, அத்தானும் மகனும் விறாந்தைக்கு. கடைக் கொப்பி மூடி, அக்காவுக்குப் புதுக் கொப்பி. உலை வேறு: வவுனியாவிலிருந்து கொண்டு வந்த காஸ் அடுப்பு ஒன்றரை வருடமாகப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது, அதை எடுத்து வைத்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மாதம் ஐயாயிரம். அக்காவின் பதிவை வவுனியாவிலிருந்து மாற்றுவதற்குக் கிராம அலுவலரிடம் இரண்டு சகோதரிகளும் சேர்ந்தே போக வேண்டும் என்று எழுதச் சொன்னது தாய்.

அதன் பிறகு

பொங்கலுக்கு முன் என்றது மாசிக்கு இழுபட்டது. தகரக் கொட்டில் போட்டார்கள். தகரம் தங்கை வாங்கியது, கப்பும் தீராந்தியும் கணவர் கொண்டு போய் இறக்கியது. தாய் சொன்னபடியே போனார், ஒரு மாதத்தில் திரும்பி வந்தார். மலசலகூடம் இல்லை, முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. இப்போது நினைத்தால் அங்கே, நினைத்தால் இங்கே. அத்தான் மயிலிட்டித் துறைமுகத்தில் ஐஸ் லொறிக்குச் சாரதியாகப் போகிறார். ஐயாயிரம் சில மாதம் வந்தது, நின்றுவிட்டது. தங்கை திரும்ப முறைப்பாடு கொடுக்கவில்லை.

கணவர் வீட்டுக்கு வந்துவிட்டார். பத்து மணிக்குப் படுக்கிறார். குடி முழுதாக நின்றதென்று சொல்ல மாட்டேன்.

பெறாமகன் மயிலிட்டிக்குப் போகவில்லை. வலை போன பிறகு கூட்டாளி வேறு படகுக்குப் போய்விட்டதால் ஆள் தேவைப்பட்டது, அவனைக் கணவர் ஏற்றிக்கொண்டார். முதல் நாட்களில் வாந்திதான். இப்போது பின்னிரவுக் காவல் அவனுடையது. மற்ற ஆட்களுக்கு என்ன பங்கோ அதே பங்கு, அன்றன்றைக்கே கையில். அவன் பகலில் வீட்டில் படுப்பதைத் தங்கை ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் வாடியில் படுக்கிறான். அக்காவுக்கு இதில் மனக்குறை உண்டு. தங்கை அசைவதாக இல்லை.

இந்த வருடம் புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. பொலிகண்டி வீட்டில் தனக்கும் ஒரு பங்கு எழுதித் தரச் சொல்லி அக்கா தாயிடம் கேட்டிருக்கிறார். உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போய் விசாரித்தார்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட நன்கொடையை நினைத்தபடி மீட்க முடியாது, கடும் நன்றிகேடு என்று நீதிமன்றம் கண்டாலொழிய அந்த உறுதி நிற்கும், தாயின் கையில் இருப்பது சீவிய உரித்து மட்டுமே என்று அவர் சொல்லியிருக்கிறார். அக்கா வேறு சட்டத்தரணி ஒருவரைப் பார்க்கப் போவதாகக் கேள்வி. தாயிடம் கேட்டால், மயிலிட்டியில் மலசலகூடம் கட்ட யார் எவ்வளவு தருவீர்கள் என்று திருப்பிக் கேட்கிறார்.